அதியமான் கொடுப்பான்

திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்று ஓர் ஊர். அங்குள்ள குன்றின் குகையில் 1981-இல் தமிழகத் தொல்லியல் துறையினர் ஒரு கல்வெட்டைக் கண்டார்கள். தமிழி எழுத்தில் ஒரே வரி. சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது அதன் பொருள். அசோகரின் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லப்படும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அந்த ஒரு வரி விடை தந்தது. வரலாற்றாசிரியர்கள் அந்தப் பெயரைப் பற்றி நிறைய எழுதினார்கள். எனக்கு அதில் வரும் வினையும் அதே அளவுக்கு முக்கியம். ‘ஈ’ என்னும் வினை அங்கே ‘ஈத்த’ என்று வெட்டப்பட்டிருக்கிறது. கொடுத்து முடிந்த கொடை. ஒரு குகை, ஒரு முறை.

அதே அஞ்சி, அதே வினை. இன்னொரு சாட்சி ஔவையார். தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், அவனோடு இருந்து உண்டு பாடியவர். அஞ்சி இறந்தபின் அவர் பாடியது புறநானூற்றில் 235-ஆம் பாட்டாக இருக்கிறது. அதில் அந்த வினை ‘ஈத்த’ என்று வரவில்லை, ‘ஈயும்’ என்று வருகிறது. அதன் பக்கத்திலேயே ‘மன்’ என்று ஒரு சிறு சொல். ஒரு நாள் கொடுத்ததை ஔவை சொல்லவில்லை. கொடுப்பதே அவனுக்கு வழக்கம், அந்த வழக்கம் இப்போது இல்லை என்கிறார்.

ஸ்பானிஷ் மொழி கற்க உட்காருகிற யாரும் சில வாரங்களில் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். ‘தியோ’ என்றால் கொடுத்தான், ஒருமுறை, முடிந்தது. ‘தாபா’ என்றாலும் கொடுத்தான்தான், ஆனால் அது வழக்கமாக, திரும்பத் திரும்ப, முடிவு எது என்று குறிக்காமல். முதலாவதைப் பிரெத்தெரிதோ என்பார்கள், இரண்டாவதை இம்பெர்ஃபெக்தோ. ஆங்கில வழியாகப் படிப்பவர்களுக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் பெரும்பாடு. ஒரு தமிழருக்கு அது பெரும்பாடாக இருக்க வேண்டியதில்லை. ஜம்பைக் கல் ஒன்றைச் சொல்கிறது, தகடூர்ப் பாட்டு மற்றதைச் சொல்கிறது. அந்த இரண்டாவது வடிவம் நடந்து வந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பாட்டுக்குள் கொஞ்சம் நிற்க வேண்டும். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப்பாடத் தானும் குடித்து மகிழ்வான். சோறு கொஞ்சமானாலும் நிறையவானாலும் பல கலங்களில் பலரோடுதான் உண்பான். எலும்போடு கறி கிடைக்கும் இடத்தை எங்களுக்கு விட்டுவிடுவான். அம்பும் வேலும் பாயும் இடத்தில் தான் நிற்பான். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான். இப்படி ஏழு செய்தி, ஏழுக்கும் ஏழு ‘மன்’. பிறகுதான் வேல் வருகிறது. அது அவன் மார்பில் மட்டும் பாயவில்லை. பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர்களின் கையைத் துளைத்து, புலவர்களின் நாவில் போய் விழுந்தது. இங்கே ‘மன்’ இல்லை, ‘-உம்’ இல்லை. முடிந்துபோன இறந்தகால வினைமுற்று ஒன்றே ஒன்று.

இந்தப் பாட்டை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக வியந்திருக்கிறார்கள். கையின் மணமும் தலையின் நாற்றமும் சேரும் அந்த இடத்தைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அதன் உயிர் வினைமுற்றுகளில் இருக்கிறது. ஏழு வழக்கங்களை அடுக்கி, அவன் வாழ்ந்த நாட்களையெல்லாம் ஓட விட்டுவிட்டு, ஒரே ஒரு நிகழ்ச்சியால் ஔவை அத்தனையையும் நிறுத்துகிறார். ஏழும் ‘கொடுத்தான், உண்டான், நின்றான்’ என்று வந்திருந்தால் வேல் விழுந்தது எட்டாவது நிகழ்ச்சியாகப் போயிருக்கும். அடி விழுவதே தெரிந்திருக்காது. ஸ்பானிஷில் கதை சொல்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: சூழலையும் வழக்கத்தையும் இம்பெர்ஃபெக்தோவில் விரித்துவிட்டு, கதையைத் திருப்பும் நிகழ்ச்சியைப் பிரெத்தெரிதோவில் இறக்குவார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாட்டின் செய்தியை மேலே உரைநடையில் சொன்னபோது கொடுத்துவிடுவான், மகிழ்வான், உண்பான், நிற்பான் என்றுதான் எழுதினேன். பள்ளி இலக்கணப்படி இவையெல்லாம் எதிர்கால வினைமுற்றுகள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவனைப் பற்றி எதிர்காலத்தில் எழுதியிருக்கிறேன். தமிழ் படிக்கும் ஒருவருக்கும் அது உறுத்தியிருக்காது.

தகடூரில் பிறந்த இந்தப் பேச்சு அடுத்ததாக இலக்கண நூலுக்குள் போய்ச் சேர்ந்தது. தொல்காப்பியத்தின் இடையியல் ‘மன்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் சொல்கிறது: கழிவு, ஆக்கம், ஒழியிசை. கழிவு என்றால் கழிந்து போனது, முன்பு இருந்து இப்போது இல்லாதது. நூற்பா பொருளை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறது. உதாரணம் காட்ட வேண்டியது உரையாசிரியர்களின் வேலை. சேனாவரையர் முதலானோர் கழிவுக்கு எடுத்துக் காட்டியது ஔவையின் அந்தக் கள் வரியைத்தான். சங்கப் பாட்டுகளில் ‘மன்’ எத்தனையோ இடங்களில் வருகிறது. இருந்தும் கை தானாக அதை நோக்கியே போயிருக்கிறது. அதன்பின் பனையோலையைப் பிடித்து இலக்கணம் கற்ற மாணவன் ஒவ்வொருவனும், அஞ்சி யார், தகடூர் எங்கே என்று தெரியாமலே, அவன் கள் பகிர்ந்ததை மனப்பாடம் செய்திருப்பான். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மூன்றாக இருந்த பொருளை ஆறாக்கினார். மிகுதி, நிலைபேறு, அசைநிலை என்பவை புதிதாகச் சேர்ந்தன. கழிவு அங்கேயும் தன் இடத்தில் இருந்தது.

‘செய்யும்’ என்ற வாய்பாட்டின் கதை இதைவிட நீளம். தொல்காப்பியர் காலம் மூன்று என்றுதான் சொல்கிறார். ஆனால் மூன்று காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் சொல்ல ‘செய்யும்’ என்ற பொதுச்சொல்லே வேண்டும் என்று தனியாக ஒரு நூற்பா வைத்தார். மலை நிற்கும், தீ சுடும் என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். அதை எந்தக் காலத்தில் அடைப்பது? அடைக்காமல் விடுவதற்கென்றே இருந்த வடிவம் இது. ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால், பலவின்பால் நான்குக்கும் படர்க்கையில் அதுவே வரும். அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும். பலர்பாலுக்கும் தன்மை முன்னிலைக்கும் வராது. அதனால்தான் ஔவையின் பாட்டில் அஞ்சி ‘நிற்பான்’ ஆகாமல் ‘நிற்கும்’ ஆகிறான்.

சங்கத் தமிழில் இன்று நாம் பேசுகிற ‘-கிற்-’ நிகழ்காலம் கிட்டத்தட்ட இல்லை. ‘கின்று’ பரிபாடல் போன்ற சற்றே பிற்பட்ட நூல்களில் தலைகாட்டி, பக்திப் பாடல்களில் பெருகி, பிறகு எங்கும் பரவியது. அதற்கு முன் இருந்தது, நடந்து முடிந்தது ஒன்று, முடியாதது ஒன்று என்ற இரட்டைப் பிரிவுதான் என்று மொழிவரலாற்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். முடியாததற்கு உரிய வடிவங்கள் நிகழ்வதையும் வரப்போவதையும் வழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவந்தன. ‘-கிற்-’ குடிவந்தபின், பெரிய வீட்டில் தம்பிக்கு முன்கட்டை விட்டுக்கொடுத்துப் பின்கட்டுக்குப் போன அண்ணனைப் போல, பழைய வடிவம் நிகழ்காலத்தை விட்டுவிட்டு எதிர்காலத்தில் ஒதுங்கியது. வழக்கத்தை மட்டும் அது விடவில்லை. இன்றைக்கும் ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’, ‘அவர் காலையில் காபிதான் குடிப்பார்’ என்றுதான் சொல்கிறோம். அதே பழைய உரிமையில்தான் ‘அப்போதெல்லாம் ஏரி நிரம்பும்’ என்பதும் வருகிறது.

நன்னூல் ப், வ் இரண்டையும் எதிர்கால இடைநிலை என்று எழுதி வைத்தது. பள்ளிப் பாடத்துக்கு அந்தப் பெயரே வந்து சேர்ந்தது. பெயர் தவறென்று நான் சொல்லவில்லை. அது பாதிப் பெயர். ‘வருவான்’ என்றால் நாளை வருவான் என்று கற்ற பிள்ளை, தன் பாட்டி ‘உங்க தாத்தா சந்தைக்குப் போனா பொரி வாங்கிட்டு வருவார்’ என்று சொல்வதைத் தினம் கேட்கிறது. இரண்டும் ஒன்றே என்று அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அயலார் சிலர் இதை முன்பே கண்டுகொண்டார்கள். 1856-இல் வந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், தமிழின் எதிர்காலம் எதிர்காலத்தை மட்டும் காட்டுவதில்லை, காலம் வரையறுக்காமல் வரும் வடிவம் அது என்று எழுதினார். ஹெரால்டு ஷிஃப்மன் 1999-இல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கணத்தில் கடந்தகால வழக்கத்துக்கு இந்த வடிவம் வருவதைக் குறிப்பிடுகிறார். நம் பள்ளி நூல்களும் அதைச் சொல்லியிருக்கலாம்.

‘மன்’ மட்டும் வழியில் இறந்துபோனது. எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. இன்றைய ‘கொடுப்பான்’ வழக்கத்தைச் சொல்கிறது. அந்த வழக்கம் முடிந்துவிட்டது என்பதைத் தானாகச் சொல்வதில்லை. கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பானிஷின் ‘தாபா’வுக்கும் இதே குறை உண்டு. அது பழங்கதை என்று காட்டும், இப்போதும் உண்டா இல்லையா என்பதைத் திறந்தே வைத்திருக்கும். ‘-உம்’மும் ‘மன்’னும் சேர்ந்து நின்றபோது வழக்கமும் அதன் மறைவும் ஒரே மூச்சில் வந்தன. அந்த வேலையை இப்போது அப்போதெல்லாம், முன்னெல்லாம், அந்தக் காலத்தில் என்பன போன்ற சொற்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்று செய்கின்றன. எழுத்தில் ‘செய்வதுண்டு’, ‘செய்வது வழக்கம்’ என்றும் முட்டுக்கொடுக்கிறோம்.

தருமபுரியில் இந்த வடிவம் இன்று எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் வயதானவர்கள் யாரிடமாவது அந்தக் காலத்துச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் போதும். பேச்சு ஏறத்தாழ இந்த அச்சில் வந்து விழும்: ‘அப்பல்லாம் அரிசிச் சோறு ஏது? பொங்கல், தீவாளின்னா ஆக்குவாங்க. மத்த நாளெல்லாம் களிதான். விடியக்காலம் அம்மா எந்திரிச்சிக் கேவுரு அரைக்கும். கல்லு சத்தத்துலதான் நாங்க முழிப்போம். மழை இல்லேன்னா அதுவும் இருக்காது.’ இந்த ஐந்தாறு வாக்கியத்தில் இறந்தகால வினைமுற்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஆக்குவாங்க, அரைக்கும், முழிப்போம், இருக்காது. சொல்லும் காலமோ ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்தியது. நடுவில் ‘ஒரு வருஷம் மழையே பேயல, மாட்டையெல்லாம் வித்துட்டோம்’ என்று வரும்போது வினை சட்டென்று மாறும். அந்த மாற்றத்திலேயே கேட்பவருக்கு நெஞ்சு கனத்துவிடும். ஔவையின் பாட்டில் வேல் பாய்ந்ததும் இப்படித்தான்.

‘அம்மா அரைக்கும்’ என்பதையும் பாருங்கள். வடமாவட்டங்களில் அம்மா, அக்கா, ஆயா எல்லாரும் ‘வரும், சொல்லும்’ என்றே பேச்சில் வருவார்கள். அஃறிணை முடிவு என்று இதை இலக்கணம் படித்தவர்கள் திருத்துவார்கள். ஆண் பெண் என்று பார்க்காமல் ஒன்றாக நின்ற பழைய ‘செய்யும்’ முற்றின் சாயலை எனக்கு அதில் கேட்காமல் இருக்க முடியவில்லை. பிரியத்தோடு சொல்லும் இந்த ‘அரைக்கும்’முக்கு மேல் ஒரு மரியாதையும் தேவையில்லை.

1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தருமபுரிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. பல மொழிகள் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படும் எல்லைப்புறம் இது. தெலுங்கு பேசுபவர்கள், கன்னடம் பேசுபவர்கள், உருது பேசுபவர்கள் எல்லாரும் ஒரே சந்தைக்கு வருகிறார்கள். ‘முன்பெல்லாம் அவன் வருவான்’ என்பதை இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது சுவையானது. தெலுங்கில் ‘வச்சேவாடு’. வருகிறவன் என்று பெயரெச்சத்தோடு ஆளைச் சேர்த்து, அதையே கடந்தகால வழக்கத்துக்கு வினைமுற்றாக்கிக்கொண்டது. கன்னடத்தில் ‘பர்த்தித்த’, வந்துகொண்டிருந்தான் என்ற தொடர்ச்சியே வழக்கத்துக்கும் ஆகிறது. உருதில் ‘ஆதா தா’. வருகிற என்பதோடு இருந்தான் சேரும். மேற்கே மலையாளத்தில் ‘வருமாயிருந்நு’. நம்முடைய அதே ‘வரும்’, அதன் பின்னால் ‘ஆயிருந்தது’. ‘மன்’ இருந்த இடத்தில் மலையாளம் வேறொரு காவலை நிறுத்திக்கொண்டது என்பேன். இந்த வகையில் தமிழைவிட மலையாளமே ஔவைக்கு அருகில் இருக்கிறது.

தருமபுரி மண்ணில் எழுத்தில் நிற்கும் பழைய வினைகள் பெரும்பாலும் வேறு வகை. பல்லவர் காலத்திலிருந்து இந்தப் பக்கமெல்லாம் நடுகற்கள் நிறைய. தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவற்றை வரிசையாகப் பார்க்கலாம். ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டோ, கவர்ந்ததை மீட்கப் போயோ இறந்தவனுக்கு வைத்த கல். அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், என்ன சண்டை, கடைசியில் ‘பட்டான்’. அந்தக் கல்லுக்கு வேறு வினை வேண்டியதில்லை. அவன் தினமும் எப்படி எழுவான், யாருக்கு என்ன கொடுப்பான், எதைப் பார்த்துச் சிரிப்பான் என்பதைக் கல் சொல்லாது. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருந்திருப்பார்கள். அஞ்சிக்கும் நடுகல் எழுப்பினார்கள். அதற்குக் கள் படைப்பதைப் பற்றி ஔவை தனியாக ஒரு பாட்டே பாடினார். அவனுக்குக் கல்லும் கிடைத்தது, கூட உண்டவரின் சொல்லும் கிடைத்தது. அந்தச் சொல் ஓலையில் நூற்றாண்டுகள் தாண்டி, 1894-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் அச்சேறி நம் கைக்கு வந்தது.

ஸ்பானிஷின் வடிவம் வந்த வழி வேறு. லத்தீனில் ‘நேசித்துக்கொண்டிருந்தேன், நேசிப்பேன் அப்போது’ என்பதற்கு ‘அமாபம்’. அந்த ‘-பம்’ முடிவு ‘இரு’ என்னும் பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்தது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். ஸ்பானிஷில் அது ‘அமாபா’ ஆயிற்று. வேறு வகை வினைகளில் நடுவிலிருந்த ஒலி தேய்ந்து, சாப்பிடுவதற்குக் ‘கொமீயா’ என்று ஆனது. ஐரோப்பிய மொழி வினைகளைக் கற்பவர்களுக்கு விதிவிலக்குகள்தான் தொல்லை. இங்கே மொழி முழுவதற்கும் விதிவிலக்கு மூன்றே வினைகள். இருப்பதற்கு ‘ஏரா’, போவதற்கு ‘ஈபா’, பார்ப்பதற்கு ‘பெயீயா’. மற்றவையெல்லாம் இரண்டு அச்சுகளில் அடங்கிவிடும். வழக்கத்தை இன்னும் அழுத்திச் சொல்ல ‘சோலீயா’ என்று ஒரு துணைவினையும் வைத்திருக்கிறார்கள். நம் ‘வழக்கம்’ போல.

1492-இல் சாலமாங்காவில் அந்தோனியோ தெ நெப்ரிஹா காஸ்தியானோ என்னும் ஸ்பானிஷ் மொழிக்கு முதல் இலக்கணம் அச்சிட்டபோது இந்த வடிவத்துக்கு வைத்த பெயர், முடிவுறாத இறந்தகாலம். மிகச் சரியான பெயர் என்று நினைக்கிறேன். அது செயல் எப்போது நடந்தது என்பதை மட்டும் பார்க்காமல், எல்லை கட்டப்பட்டதா என்பதைப் பார்க்கிறது. 1847-இல் சிலியில் ஆந்திரெஸ் பெல்யோ தம் இலக்கணத்தில் அதையே ‘உடனிகழ் இறந்தகாலம்’ என்ற பொருளில் பெயர் மாற்றினார். இப்படி ஒரு வினைவடிவத்துக்குச் சரியான பெயர் தேடி அவர்கள் நூற்றாண்டு நூற்றாண்டாக மெனக்கெட்டிருக்கிறார்கள்.

இரண்டு வழிகளும் ஒருமுறை முத்துக்குளித்துறையில் சந்தித்தன. 1546-இல் இந்தியாவுக்கு வந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்று, சில ஆண்டுகளிலேயே போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். லத்தீன் தெரியாதவர்கள் முதலில் ஜுவாவோ தெ பாரோஸின் போர்ச்சுகீசிய இலக்கணத்தைப் படித்துவிட்டு வரட்டும் என்று அதில் சொல்லி வைத்தார். போர்ச்சுகீசியத்திலும் ஸ்பானிஷைப் போலவே முடிவுறாத இறந்தகாலம் உண்டு. அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பரதவர்களின் பேச்சைக் கேட்டு வினைகளை எழுதிக்கொண்டார் அவர். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அதே மனிதர்தான். தமிழ் வினையை ஐபீரியக் கண்ணாடி வழியாகப் பார்த்த முதல் பார்வை அது.

இப்போது அந்த வழி திரும்பியிருக்கிறது. தருமபுரியிலிருந்து பெங்களூரு இரண்டு மூன்று மணி நேரப் பயணம்தான். அங்குள்ள நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஸ்பானிஷ் கற்கிறார்கள். கற்பது பெரும்பாலும் ஆங்கில வழி. ஆங்கிலத்தில் ‘விளையாடினேன்’ என்பதும் ‘விளையாடுவேன் அப்போதெல்லாம்’ என்பதும் பல நேரங்களில் ஒரே வடிவத்தில் வரும். அந்த மூடிய வடிவத்திலிருந்து இரண்டைப் பிரிக்கச் சொன்னால் திணறத்தான் வேண்டும். என் யோசனை எளிது. வாக்கியத்தை முதலில் வீட்டுத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘சின்ன வயசுல ஏரியில குளிப்போம்’ என்று வாய் சொன்னால் இம்பெர்ஃபெக்தோ. ‘நேத்து ஏரியில குளிச்சோம்’ என்று வந்தால் பிரெத்தெரிதோ.

இந்தச் சோதனை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. இறந்துபோன தாத்தா உயரமானவர் என்று சொல்ல ஸ்பானிஷில் இம்பெர்ஃபெக்தோ. நாமும் ‘தாத்தா நல்லா உயரமா இருப்பார்’ என்றுதான் சொல்வோம். எண்ணிக்கையோ கால அளவோ கட்டிவிட்டால் இரண்டு மொழியிலும் வினை மாறிவிடும். ‘வருஷாவருஷம் தீர்த்தமலைக்குப் போவோம்’, ஆனால் ‘மூணு தடவை போனோம்’. ‘மூணு தடவை போவோம்’ என்றால் நாளைய திட்டமாகிவிடும், இல்லையென்றால் வருஷத்துக்கு மூன்று தடவை என்ற வழக்கமாகிவிடும். ‘அஞ்சு வருஷம் சேலத்துல இருந்தோம்’ என்பதற்கும் ஸ்பானிஷ்காரர் பிரெத்தெரிதோவையே எடுப்பார். எல்லை கட்டினால் முடிந்தது, கட்டாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்மறையும் ஒத்துப் போகிறது: ‘அப்ப எங்க ஊருக்கு பஸ் வராது’.

ஒத்துப்போகாத இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ‘நான் படித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது’ என்பதில் ஸ்பானிஷ் படிப்பதற்கு அதே இம்பெர்ஃபெக்தோவை வைக்கும். தமிழில் ‘படிப்பேன், கரண்ட் போச்சு’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே ‘-க்கிட்டிருந்தேன்’ வந்துவிடும். ஸ்பானிஷ் ஒரே பையில் வைத்திருக்கும் இரண்டை, வழக்கத்தையும் அப்போது நடந்துகொண்டிருந்ததையும், தமிழ் தனித்தனியே வைத்திருக்கிறது. மணியும் வயதும் சொல்லும்போது இன்னொரு நுணுக்கம். ‘அப்ப மணி மூணு இருக்கும்’, ‘எனக்குப் பத்து வயசு இருக்கும்’ என்றால் தமிழில் ஏறக்குறைய என்ற பொருளும் சேர்ந்துவிடுகிறது. ஸ்பானிஷில் அது இல்லை, மூன்று என்றால் மூன்றுதான்.

தருமபுரியின் முதியவர்கள் சொல்வதைப் பதிவு செய்து எழுதுகிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். பஞ்சம், பிழைக்கப் போன ஊர்கள், காடு, கிணற்றுக் கவலை, சாமை, திருவிழா என்று எவ்வளவோ. அந்த எழுத்துகளில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன், அது என்னை வருத்துகிறது. பேச்சை ‘நல்ல தமிழ்’ ஆக்கும்போது வினையையும் மாற்றிவிடுகிறார்கள். பழங்காலச் செய்தி என்பதால் இறந்தகாலம்தான் சரி என்று எண்ணிக்கொள்கிறார்கள் போலும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டிய ஒரு பெரியவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: ‘ஆத்துல வெள்ளம் வந்தா பரிசல் எடுக்க மாட்டோம். ரெண்டு நாள், மூணு நாள் கரையிலயே குந்தியிருப்போம். கையில காசு இருக்காது. கடைக்காரர் கடனுக்கு அரிசி குடுப்பார்.’ இது தாளில் ஏறும்போது, ‘ஆற்றில் வெள்ளம் வந்ததால் பரிசல் எடுக்கவில்லை. இரண்டு மூன்று நாட்கள் கரையிலேயே அமர்ந்திருந்தோம். கையில் பணம் இல்லை. கடைக்காரர் கடனுக்கு அரிசி கொடுத்தார்’ என்று ஆகிவிடுகிறது. செய்தியெல்லாம் அப்படியே இருப்பதாகவும், சொல் மட்டும் திருந்தியதாகவும் தோன்றும். ஆனால் அவர் சொன்னது வாழ்நாள் முழுவதும் வந்துபோன வெள்ளங்களை. எழுதியது ஒரே ஒரு வெள்ளத்தை. அவர் சொன்ன கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கொடுப்பவர். எழுத்தில் வந்தவர் ஒருமுறை கொடுத்தவர்.